இரண்டு எலும்புகளுக்கு நடுவே

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். அதை மெல்ல வானம் பார்க்கத் திருப்பினால் முன்கைக்குள் நடப்பதை மறுகையால் தடவியே அறியலாம். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது; அது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் குறுக்காகச் சாய்ந்து கிடந்த கட்டைவிரல் பக்கத்து எலும்பு எழுந்து, பக்கத்தில் இணையாக வந்து நிற்கும். முன்னதை அல்னா என்றும் பின்னதை ரேடியஸ் என்றும் பள்ளியில் படித்திருப்போம். ஓர் எலும்பு நிலைத்து நிற்க, மற்றொன்று அதைச் சுற்றி வருகிறது. மனிதக் கையின் வேலைகளில் பெரும்பாதி இந்த ஒரு சுழற்சியை நம்பியே நடக்கிறது.

புணேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானரைத் திருப்புவதும், லேத்தின் கைப்பிடியைச் சுழற்றுவதும், ப்ரெஸ்ஸிலிருந்து எடுத்த தகட்டைப் புரட்டிப் பிசிறு பார்ப்பதும்தான் இந்த ஊருக்குச் சோறு போடும் அசைவுகள். பவனா ஆற்றங்கரையில் மோர்யா கோசாவியின் சமாதிக் கோயிலில் தீர்த்தம் வாங்க நீளும் கைக்கும் இதே சுழற்சி வேண்டும். உள்ளங்கை முழுதாக மேலே பார்க்காவிட்டால் குழியில் நீர் நிற்காது.

1981இல் மொரே என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அன்றாடச் செயல்களுக்கு முன்கை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று அளந்தார்கள். இந்தப் பக்கம் 50 பாகையும் அந்தப் பக்கம் 50 பாகையும் இருந்தால் பெரும்பாலான வேலைகளைச் சமாளித்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. உலகம் முழுவதும் எலும்பு மருத்துவர்கள் இன்றும் சொல்லும் கணக்கு அது. அவர்கள் சோதித்த செயல்களில் முள்கரண்டியால் உண்பது இருந்தது, தொலைபேசியை எடுப்பது இருந்தது, செய்தித்தாள் படிப்பது இருந்தது. இலையில் ரசம் சோற்றை அள்ளுவதும் கையேந்தித் தீர்த்தம் வாங்குவதும் அவர்கள் ஊர் வழக்கமில்லை. நல்ல முன்கை ஒவ்வொரு பக்கமும் 80 பாகையை ஒட்டித் திரும்பும். அந்த 50க்கும் 80க்கும் இடையில்தான் நம் வாழ்வின் ஒரு பகுதி இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இரண்டு எலும்புகளும் மேலே முழங்கையிலும் கீழே மணிக்கட்டிலும் மூட்டுகளால் சேர்ந்திருக்கின்றன. நடுவில் நீளவாக்கில் ஒரு இடைவெளி உண்டு. அதை ஒரு ஜவ்வு மூடியிருக்கிறது. நாடகத் திரையைப் போன்ற மெல்லிய மறைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அதன் நடுப்பகுதியில் தடித்த பட்டையாக நார்கள் திரண்டிருக்கின்றன. முன்கை நீளவாக்கில் குலையாமல் நிற்பது பெரிதும் அந்த நடுப்பட்டையால்தான். நார்கள் ஓடும் திசையைக் கவனித்தால் அதன் வேலை விளங்கும். ரேடியஸில் சற்று உயரத்தில் புறப்பட்டு, சாய்ந்து இறங்கி, அல்னாவில் தாழ்வான இடத்தில் போய்ப் பற்றுகின்றன. பந்தல் காலுக்குச் சரித்துக் கட்டிய இழுகயிறு கால் ஒரு திசையில் சாயப் பார்க்கும்போது மட்டும் விறைப்பதுபோல, ரேடியஸ் மேல்நோக்கித் தள்ளப்படும்போது இந்த நார்கள் விறைக்கின்றன. ரேடியஸைப் போகவிடாமல் பிடிக்கின்றன. அதோடு அதன் சுமையில் ஒரு பங்கை அல்னாவுக்கு மாற்றியும் விடுகின்றன.

இந்த மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்பது இந்த உடலமைப்பில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. உள்ளங்கையை ஊன்றி ஒரு பொருளைத் தள்ளும்போது, மணிக்கட்டில் ஏறும் விசையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ரேடியஸ் வாங்குகிறது, அல்னாவுக்கு 20தான். முழங்கையில் நிலைமை வேறு. அங்கே மேற்கை எலும்பை அகலமாகக் கவ்விப் பிடித்திருப்பது அல்னா. ரேடியஸின் தலை ஒரு சிறிய வட்டத் தட்டாக மேற்கை எலும்பின் ஒரு குமிழைத் தொட்டு நிற்கிறது, அவ்வளவே. பிரேத முன்கைகளில் அளந்த பழைய ஆய்வொன்றில் முழங்கையில் ரேடியஸின் பங்கு 57, அல்னாவின் பங்கு 43 என்று வந்தது. கீழே 80 வாங்கிய எலும்பு மேலே போகும்போது குறைவாகவே சுமக்கிறது. மீதியை வழியில் வாங்கிக்கொள்வதில் அந்த ஜவ்வுக்குப் பங்கு உண்டு. ரேடியஸின் தலையை அகற்றிவிட்டுச் சோதித்த 1989ஆம் ஆண்டு ஆய்வில், நீளவாக்கில் முன்கைக்கு மிஞ்சியிருந்த விறைப்பில் 71 சதவீதம் இந்த நடுப்பட்டையால் வந்தது.

ஜவ்வின் மேல் முனையில் எதிர்த்திசையில் சாய்ந்து ஓடும் ஒரு சிறு நார்க்கயிறும் உண்டு. ஜோசியாஸ் வைட்பிரெக்ட் என்பவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு, உடலின் கட்டுநார்களுக்கென்றே ஒரு முழு நூலை 1742இல் வெளியிட்டார். அவர் பெயரால் இன்றும் அந்தச் சிறு நாரைக் குறிப்பிடுவார்கள். சிலர் கையில் அது இருப்பதேயில்லை. எலும்பையும் தசையையும் வரைந்தவர்கள் ஏராளம். அவற்றைக் கட்டி நிறுத்தும் நார்களைப் பற்றி மட்டும் எழுத ஒருவர் அந்தக் காலத்திலேயே உட்கார்ந்தார் என்பது எனக்கு மதிப்புக்குரிய செய்தி.

அந்த ஜவ்வு கிழிவதை இந்த ஊரை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1954இல் பக்கத்துப் பிம்ப்ரியில் பென்சிலின் தொழிற்சாலை வந்தது. அறுபதுகளில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் மனைகள் பிரிக்கப்பட்டன. ஆகுர்டியில் பஜாஜும், பிம்ப்ரியில் டெல்கோவும், சிஞ்ச்வட்டில் எஸ்கேஎஃப் பேரிங் ஆலையும் எழுந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் போசரி, தளவடே என்று பரவின. 1982இல் ஊர் மாநகராட்சியானது. மராத்வாடாவிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்களோடு தமிழர்களும் இந்த ஆலைகளில் கூலிக்கும் சம்பளத்துக்கும் நின்றிருக்கிறார்கள். இங்கே கை விபத்து என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பவர் ப்ரெஸ்ஸில் போன விரல். அது நியாயமான அச்சம்தான். வேறு வகை விபத்துகளும் உண்டு. ஏணியிலிருந்தோ, லாரித் தட்டிலிருந்தோ, மழையில் வழுக்கிய வண்டியிலிருந்தோ ஒருவர் விழுகிறார். விழும் உடல் கையைத்தான் முன்னால் ஊன்றும். முழங்கை நீட்டியிருக்க, உடலின் முழு எடையும் உள்ளங்கையிலிருந்து முன்கையின் நீளவாக்கில் மேலேறுகிறது. ரேடியஸ் மேலே தள்ளப்பட்டு, அதன் தலை மேற்கை எலும்பில் மோதி நொறுங்குகிறது. விசை அதோடு தீர்ந்துவிட்டால் அது வெறும் எலும்பு முறிவு. தீராவிட்டால் ரேடியஸ் இன்னும் மேலே போகப் பார்க்கும். அப்போது நடுப்பட்டை கிழியும். மணிக்கட்டில் இரண்டு எலும்புகளையும் சேர்த்திருக்கும் கட்டும் விடும்.

காயம்பட்டவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவார். அங்கேதான் எலும்பு நொறுங்கியிருக்கிறது, வீங்கியிருக்கிறது, வலி உயிர் போகிறது. எக்ஸ்ரே முழங்கைக்கு எடுக்கப்படும், முறிவும் தெளிவாகத் தெரியும். மணிக்கட்டு வலியை அவரே சொல்ல மாட்டார்; சொன்னாலும் விழுந்ததில் சுளுக்கியிருக்கும் என்று போய்விடும். ஜவ்வு எக்ஸ்ரேயில் விழாது. நொறுங்கிய தலைத் துண்டுகளைச் சேர்க்க முடியாது என்றால் அவற்றை வெட்டி எடுத்துவிடுவது நீண்ட காலமாக வழக்கத்தில் இருந்த சிகிச்சை. ஜவ்வு நலமாக இருக்கும் கையில் அதனால் பலருக்குப் பெரிய குறை வருவதில்லை. ஜவ்வும் போன கையில் ரேடியஸைத் தடுக்க இருந்த கடைசி முட்டுக்கட்டையும் அதோடு போய்விடுகிறது. மாதக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். மணிக்கட்டில் அல்னா நீண்டுவிட்டதுபோல முட்டிக்கொண்டு நிற்கும். பிடி தளரும், உள்ளங்கை திரும்பாது. நம்மவர்களில் பலர் இன்றும் முறிவென்றால் புத்தூர் கட்டுக்கு ஓடுகிறார்கள். மூங்கில் சிம்பும் பச்சிலையும் எலும்பை அசையாமல் பிடிக்கும். கிழிந்த ஜவ்வின் இரு ஓரங்களையும் எந்த வெளிக்கட்டும் சேர்த்துவைக்காது. மாவுக்கட்டுக்கும் அதே வரம்புதான்.

இந்தக் காயத்தைத் தனியாக அடையாளம் காட்டியவர் பீட்டர் எசெக்ஸ்-லோப்ரெஸ்டி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவில் அறுவை மருத்துவராக இருந்து, வானிலிருந்து குதிக்கும் படைவீரர்களுக்குச் சிகிச்சை தந்தவர். பாராசூட்டில் குதிப்பதன் ஆபத்துகளைப் பற்றி 1946இல் ஒரு கட்டுரை எழுதினார். உயரத்திலிருந்து இறங்கும் உடல் எங்கே முறிகிறது என்பதை ஒழுங்காகத் திரட்டிப் பார்த்த மனம் அது. போருக்குப் பின் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையில் வேலை செய்தார். அந்த மருத்துவமனை 1941இல், ஆயுத ஆலைகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த தொழில்நகரத்தில், காயம்பட்டவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. அங்கிருந்து அவர் 1951இல் எழுதிய கட்டுரையில் இரண்டே இரண்டு நோயாளிகள். ரேடியஸ் தலை முறிந்தவர்கள். கூடவே மணிக்கட்டில் எலும்பு விலகியவர்கள். முழங்கையிலும் மணிக்கட்டிலும் தெரிவது ஒரே விபத்தின் இரு முனைகள், நடுவிலும் ஏதோ அறுந்திருக்கிறது என்று அவர் கண்டார். மணிக்கட்டு விலகியிருக்கும்போது ரேடியஸ் தலையை வெட்டி எடுக்கக் கூடாது என்று எச்சரித்தார். அவருக்கு முன்பே இப்படிப்பட்ட கைகளைச் சிலர் எழுதியிருந்தார்கள். இரு முனைகளையும் இணைத்து, சிகிச்சை எப்படி மாற வேண்டும் என்று சொன்னதால் காயத்துக்கு அவர் பெயர் நின்றது. அதே ஆண்டு, நாற்பது வயதை எட்டும் முன்பே இறந்துபோனார்.

இரண்டு நோயாளிகளைக் கொண்டு எழுதிய கட்டுரை ஏழு பதிற்றாண்டுகளாக நிற்கிறது. எண்ணிக்கையை மட்டுமே அறிவு என்று கொள்ளும் காலத்தில் இதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு முன்கையை முழுதாக, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பார்த்தார் என்பதுதான் அவருடைய சாதனை.

அவர் சொன்ன பிறகும் இந்தக் காயம் தவறிப்போவது நின்றுவிடவில்லை. மேயோ கிளினிக்கில் 20 நோயாளிகளைத் திரும்பிப் பார்த்து 1992இல் வெளியிட்டார்கள். காயம்பட்ட நேரத்தில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 5 பேர் மட்டுமே. அவர்களில் 4 பேருக்குக் கை தேறியது. மற்ற 15 பேருக்கும் உண்மை தெரியவந்தபோது வருடங்கள் ஓடியிருந்தன. அவர்களில் 3 பேருக்குத்தான் திருப்தியான விளைவு. உலகின் பெயர்பெற்ற மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை இது.

இன்று வழி தெரியும். ரேடியஸ் தலை நொறுங்கியிருந்தால் மணிக்கட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கட்டுகளுக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட சேதி சொல்லும். எம்ஆர்ஐயிலும் அல்ட்ராசவுண்டிலும் ஜவ்வின் கிழிசல் தெரியும். தலையைச் சேர்க்க முடியாவிட்டால் உலோகத் தலை பொருத்துகிறார்கள். முற்றிவிட்ட கையில் அல்னாவைக் குறுக்குவது, வேறு இடத்து நாரை எடுத்துப் புது நடுப்பட்டை கட்டுவது என்று முயல்கிறார்கள். எதுவும் பலிக்காதபோது இரண்டு எலும்புகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவது கடைசி வழி. வலி அடங்கும். கை அதற்குப் பிறகு திரும்பாது.

இங்கே பால் பிராண்டின் நினைவு வருகிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். வலி உணரும் சக்தி போனதால்தான் அந்தக் கைகள் தேய்ந்து அழிகின்றன, வலி உடலுக்குக் காவல் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அவர் சொன்னதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முன்கையின் இந்தக் காயத்தில் காவலே திசைமாற்றிவிடுகிறது. முழங்கையின் வலி அவ்வளவு உரத்துக் கூவும்போது மணிக்கட்டின் முனகல் யார் காதிலும் விழாது. வலிப்பதாகச் சொல்லாத இடத்தையும் தொட்டுப் பார்க்கும் விரல்கள் வேண்டும். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்கள் மட்டுமே கிடைக்கும்போது அந்த விரல்களுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பது மருத்துவரின் திறமையைப் பற்றிய கேள்வி மட்டுமாக இல்லை.

முன்கையில் இன்னொரு கட்டும் உண்டு; குழந்தைகளுக்கு அது எளிதில் நழுவும். ரேடியஸ் தலையைச் சுற்றி வளையமாக ஓடி, அல்னாவில் இரு முனைகளும் பற்றியிருக்கும் நார். சுழலும் எலும்பு கழன்றுவிடாமல் பிடிப்பது அதுதான். ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தையை நடைபாதையிலோ பேருந்துப் படியிலோ ஒரு கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கினால், வளையம் நழுவித் தலையின் மேலேறிச் சிக்கிக்கொள்ளும். குழந்தை கையைத் தொங்கவிட்டு அழும், தொடவிடாது. தெரிந்த மருத்துவர் முன்கையைத் திருப்பி முழங்கையை மடக்கினால் ஒரு சிறு சொடுக்கு கேட்கும். சற்று நேரத்தில் குழந்தை அதே கையால் மிட்டாய் வாங்கும். நழுவிய கட்டு திரும்புகிறது. கிழிந்த ஜவ்வுக்கு அப்படி ஒரு திரும்பல் கிடையாது. நாளாக நாளாக அதன் இடைவெளியில் தசை புகுந்துகொள்கிறது.

தொழிலாளியின் கையில் இது நடந்தால், மருத்துவமனைக்குப் பிறகு அவர் சந்திப்பது சட்டத்தை. 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. அதே ஆண்டு வரை இருந்த 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டத்திலும் அதே மாதிரியான அட்டவணைதான். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. கை போனால் 60. முழங்கை முனையிலிருந்து 11.43 சென்டிமீட்டர் என்று வெட்டின் உயரத்தைக்கூட அளந்து வைத்திருக்கிறார்கள். நாலரை அங்குலத்தைப் பின்னால் சென்டிமீட்டருக்கு மாற்றியதில் வந்த எண் அது. ஓர் உறுப்பின் பயன் முழுதாக, நிரந்தரமாகப் போனால் உறுப்பே போனதாகக் கொள்ளலாம் என்றும் குறிப்பு இருக்கிறது. உறுப்பும் இருந்து, விரல்கள் ஐந்தும் இருந்து, உள்ளங்கை மட்டும் திரும்பாத கைக்கு அந்த அட்டவணையில் வரி இல்லை.

சட்டம் அங்கே கைவிரித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்றது அந்த இழப்பீட்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. இஎஸ்ஐ காப்பீட்டில் இருப்பவரை மருத்துவக் குழு பார்க்கும். சிக்கல் மதிப்பிடும் தாளில் இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே அறிக்கை சொல்லும், அது உண்மையும்கூட. இருக்கிற உண்மையை மட்டும் வைத்து எழுதினால் சதவீதம் சிறுத்துப்போகும். நிரந்தர ஊழியருக்காவது தொழிற்சங்கம், பழைய ரெக்கார்டு என்று ஏதோ இருக்கும். காண்ட்ராக்டில் வந்த ஹெல்பர் கட்டு அவிழ்த்த மறுவாரம் வேலைக்குப் போய், ஸ்க்ரூ டிரைவர் திருப்ப முடியவில்லை என்றால் அடுத்த ஆளை அனுப்பிவிடுவார்கள். மணிக்கட்டு வலி உச்சத்துக்கு வரும் மாதங்களில் அவர் வேறு பட்டறையில் இருப்பார், அல்லது ஊருக்குப் போயிருப்பார். விபத்துக்கும் அந்த வலிக்கும் உள்ள தொடர்பை நிறுவும் காகிதம் எதுவும் அவரிடம் இருக்காது.

அட்டவணையைத் தாண்டிக் கையை மதிப்பிட்ட ஒரு வழக்கு உண்டு. ஒடிசாவின் ஜெய்ப்பூர் நகரில், ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968இல் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு அருகில் துண்டிக்க நேர்ந்தது. அட்டவணைப்படி பார்த்தால் அது முழு இழப்பு ஆகாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இவருக்கு இது முழு இழப்பு என்று எடுத்த முடிவு சரி என்று 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் உறுதி செய்தார்கள். கையின் மதிப்பை அந்தக் கை செய்துவந்த தொழிலை வைத்து அளந்த தீர்ப்பு அது. இன்றும் இழப்பீட்டு வழக்குகளில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

மத்திய அரசு 2001இல் ஊனத்தை மதிப்பிட வெளியிட்ட நெறிமுறையைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல வியப்பு காத்திருந்தது. கையின் திறனை அளக்க அதில் பத்துச் செயல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள். இந்திய முறையில் கையால் உண்பது அதில் ஒன்று. தலை வாரிப் பின்னுவது ஒன்று. நீர் கொண்டு கழுவிக்கொள்வது, குவளையில் நீர் குடிப்பது, பொத்தான் போடுவது, பைஜாமா நாடாவோ வேட்டியோ கட்டுவது, எழுதுவது என்று போகிறது. மேயோ கிளினிக்கின் முள்கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பட்டியல். யாரோ ஒருவர் இந்த நாட்டுக் கைகள் ஒரு நாள் முழுக்கச் செய்வதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அது ஊனச் சான்றிதழுக்காக அன்று எழுதப்பட்ட நெறிமுறை. இழப்பீட்டு ஆணையர் முன் போகும் தாள் வேறு. ஆனாலும் அந்தத் தாளை எழுதும் மருத்துவர், எலும்பு கூடிவிட்டது என்ற வரிக்குக் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி எத்தனை பாகை திரும்புகிறது, மற்ற கையில் எத்தனை, இந்தப் பத்தில் எவை முடியவில்லை, இவர் செய்துவந்த வேலை என்ன என்று நான்கு வரி சேர்த்தால், வாதாடுபவருக்குக் கையில் பிடிக்க ஒன்று கிடைக்கும்.